ஜூஜுவாடி கம்ப்யூட்டர்களில் ஓடும் 200 வருஷத்துக் கணக்கு: யார் இந்த காஸ்?

ஓசூரில் இருந்து பெங்களூரு போகும் பஸ்ஸில் ஏறினால், தமிழ்நாடு முடிகிற இடம் ஜூஜுவாடி. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகா. லாரிகள் வரிசையாக நிற்கும் இந்த எல்லையை ஒட்டித்தான் சிப்காட் தொழிற்பேட்டை. பிரேக், கியர், சேஸிஸ், இன்ஜின் பாகம் என்று வண்டிக்குத் தேவையான எல்லாமே இந்த வட்டாரத்தில் தயாராகிறது.

இப்போதெல்லாம் ஒரு பாகத்தை வார்த்து, உடைத்துப் பார்த்துத்தான் அதன் பலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. டிசைன் பிரிவில் உட்கார்ந்திருக்கும் இளைஞர் அதை கம்ப்யூட்டரிலேயே வளைத்துப் பார்ப்பார். திரையில் ஒரு கோடு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். கோடு போதுமான அளவு இறங்கினால் கணக்கு முடிந்தது. இறங்காமல் ஆட்டம் போட்டாலோ, மேலே ஏறினாலோ, கன்வர்ஜ் ஆகவில்லை என்று செய்தி வரும். அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போக லேட்டாகும்.

அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் யோசனையை, 1823 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஜெர்மனியில் ஒருவர் தன் பழைய மாணவருக்குக் கடிதமாக எழுதினார். அவர் பெயர் கார்ல் ஃபிரெட்ரிக் காஸ். நம்மூரில் காஸ் என்றால் முதலில் சிலிண்டர்தான் நினைவுக்கு வரும். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் காஸ்ஸியன் நீக்கல் முறை படித்தவர்களுக்கும், இன்ஜினீயரிங்கில் காஸ்-சீடல் முறையை மனப்பாடம் செய்தவர்களுக்கும் இந்தப் பெயர் பழக்கமானதுதான். ஆளைத்தான் பலருக்குத் தெரியாது.

பிறந்த தேதியே தெரியாத குழந்தை

1777-ல் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் காஸ். அப்பா தோட்ட வேலை, கொத்து வேலை என்று கிடைத்ததைச் செய்தவர். அம்மா டொரோத்தியாவுக்கு எழுதத் தெரியாது. மகன் பிறந்த தேதியை யாரும் குறித்து வைக்கவில்லை. ஒரு புதன்கிழமை, இயேசு விண்ணேறிய திருநாளுக்கு எட்டு நாள் முன்பு என்பது மட்டும் அந்தத் தாய்க்கு ஞாபகம் இருந்தது. நம் வீட்டுப் பாட்டிகள் ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம் பிறந்தான் என்று சொல்வார்களே, அதே மாதிரி.

பின்னாளில் ஈஸ்டர் எந்தத் தேதியில் வரும் என்று கண்டுபிடிக்க ஒரு சூத்திரமே உருவாக்கினார் மகன். அதை வைத்துப் பார்த்தால் பிறந்த நாள் ஏப்ரல் 30.

பள்ளியில் ஒன்று முதல் 100 வரை கூட்டச் சொன்ன வாத்தியாரிடம் நொடியில் 5050 என்று எழுதிக் கொடுத்த கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கதையை வயதான காலத்தில் காஸே ரசித்துச் சொல்வாராம். அதற்கப்புறம் சொன்னவர்கள் எல்லாம் ஆளுக்கொரு மசாலா சேர்த்துவிட்டார்கள். விட்டுவிடுவோம்.

உண்மையில் வாழ்க்கையை மாற்றியது ஊர் பிரபுவின் உதவித்தொகை. 14 வயதில் கிடைக்க ஆரம்பித்த அந்தப் பணம் இல்லையென்றால், அப்பாவோடு கரண்டி பிடித்துச் சுவர் எழுப்பப் போயிருப்பார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 19 வயது நிறைவதற்குள், வெறும் அளவுகோலும் காம்பஸும் வைத்து 17 பக்க ஒழுங்கு பலகோணம் வரைய முடியும் என்று நிரூபித்தார். கிரேக்கர்கள் காலத்தில் இருந்து 2000 வருஷமாக யாரும் தொடாத விஷயம் அது. 1801-ல் எண் கணிதத்தில் அவர் வெளியிட்ட புத்தகம் இன்றும் அந்தத் துறையின் அஸ்திவாரம்.

காணாமல் போன கோள்

அதே 1801 ஜனவரி 1 அன்று, இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் பியாஸி என்ற வானியலாளர் ஒரு புதிய ஒளிப்புள்ளியைப் பார்த்தார். அதுதான் சீரஸ். பிப்ரவரி 11 வரை, அதாவது சுமார் 40 நாள்தான் அதைப் பார்க்க முடிந்தது. பிறகு சூரியனின் பக்கம் போய் மறைந்துவிட்டது. மறுபடி எங்கே வரும்? வானம் பெரிசு, தேடினால் கிடைக்காது.

24 வயது காஸ் அந்தக் கொஞ்சநஞ்ச அளவீடுகளை வைத்து பாதையைக் கணக்கிட்டார். அவர் காட்டிய இடத்தின் பக்கத்திலேயே, அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் சீரஸ் அகப்பட்டது. ஐரோப்பா முழுக்க ஒரே ராத்திரியில் ஸ்டார் ஆகிவிட்டார்.

இதற்குள் ஒரு முக்கியமான பிரச்சினை ஒளிந்திருக்கிறது. எந்த அளவீடும் துல்லியமாக இருக்காது. ஒரே கோணத்தை பத்து தடவை அளந்தால் பத்து விடை வரும். எல்லாவற்றுக்கும் ஒருசேரப் பொருந்துகிற விடை கிடையாது, எல்லாவற்றுக்கும் முடிந்தவரை நெருக்கமான விடைதான் உண்டு. பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும்படி விடையைத் தேர்ந்தெடுப்பதுதான் மீச்சிறு வர்க்க முறை. பிரான்ஸின் லெஜாந்த்ர் இதை 1805-ல் அச்சில் வெளியிட்டார். 1809-ல் புத்தகம் எழுதிய காஸ், நான் 1795-ல் இருந்தே இதைப் பயன்படுத்தி வருகிறேன் என்றார். லெஜாந்த்ருக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. கண்டுபிடித்ததை மேஜை டிராயரில் பூட்டி வைத்துவிட்டு, இன்னொருவர் வெளியிட்டதும் இது என்னிடம் எப்போதோ இருந்தது என்று சொல்வது காஸின் வாழ்நாள் பழக்கம். பெரும்பாலும் அவர் சொன்னது உண்மைதான். ஆனால் எதிரே இருந்தவர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று அவர் யோசித்த மாதிரி தெரியவில்லை.

இந்த முறையைப் பிடித்துக்கொண்டால் கடைசியில் கையில் நிற்பது ஒரு கூட்டம் நேரியல் சமன்பாடுகள். பல்லாஸ் என்ற இன்னொரு சிறுகோளுக்கு ஆறு தெரியாத எண்களை வைத்து, ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போய் விடை கண்டார். நம் பாடப்புத்தகத்தில் அவர் பெயரோடு இருக்கும் நீக்கல் முறை இந்த வழிதான்.

ஒரு வருஷத்தில் இரண்டு சாவு

புகழ் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் வீடு சரிந்தது. உதவித்தொகை கொடுத்த பிரபு 1806-ல் நெப்போலியனுடனான போரில் காயம்பட்டு இறந்தார். காஸ் அடுத்த ஆண்டு கோட்டிங்கன் வானியல் நோக்ககத்தின் இயக்குநரானார். 1809 அக்டோபரில், மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு மனைவி யோஹன்னா இறந்துபோனார். சில மாதங்களில் அந்தக் குழந்தையும் போய்விட்டது. மீதி இரண்டு பிள்ளைகளோடு நின்ற காஸ், 1810-ல் யோஹன்னாவின் தோழி மின்னாவை மணந்தார். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் மின்னாவும் வருடக்கணக்கில் நோயாளியாக இருந்து 1831-ல் இறந்தார். முதல் மனைவியின் சாவுக்குப் பிறகு காஸ் பழைய ஆளாகவே திரும்பவில்லை என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள்.

கணித மேதை ஏன் காட்டில் அலைந்தார்?

1820-ல் ஹனோவர் நாட்டை அளக்கச் சொல்லி அரசாணை வந்தது. வேறு ஒருவராக இருந்தால் ஆட்களை அனுப்பிவிட்டு நிழலில் உட்கார்ந்திருப்பார். காஸ் தானே கிளம்பினார். 1821 முதல் 1825 வரை ஒவ்வொரு கோடையிலும் குன்று, கோபுரம், காடு என்று ஏறி இறங்கினார்.

இந்த வேலை நமக்குப் புதுசில்லை. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்த கதை தெரிந்திருக்கும். முதலில் ஒரு நேர்கோட்டை மட்டும் மிகத் துல்லியமாக அளக்க வேண்டும். அதன்மேல் முக்கோணம், முக்கோணத்தின்மேல் முக்கோணம் என்று கோணங்களை மட்டும் அளந்துகொண்டே போகலாம். லாம்ப்டனின் முக்கோணங்கள் சென்னையில் இருந்து பெங்களூரு வழியாக மேற்குக் கடற்கரை வரை போயின. அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மலையுச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அந்தக் கருவியே அடிபட்டது. இப்படியே தெற்கை அளந்துகொண்டு நடு இந்தியா வரை போன லாம்ப்டன், 1823 ஜனவரியில் ஹிங்கன்காட் என்ற ஊரில் வேலைக்கு நடுவிலேயே இறந்தார். அதே ஆண்டின் கடைசி வாரத்தில்தான் காஸின் கடிதம் எழுதப்படுகிறது. இருவருக்கும் தொடர்பு எதுவும் இல்லை. தலைவலி மட்டும் ஒன்றுதான்.

காஸின் பகுதியில் மலை குறைவு, மரம் அதிகம். ஒரு இடத்தில் இருந்து இன்னொன்றைப் பார்க்க வேண்டுமானால் மரத்தை வெட்டி வழி திறக்க வேண்டும். தூரத்துக் குறி தெரியவில்லை என்பதற்காக, கண்ணாடியில் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் ஹீலியோட்ரோப் என்ற கருவியை அவரே உருவாக்கினார். 100 கிலோமீட்டர் தாண்டியும் அந்த ஒளி நட்சத்திரம் போலத் தெரிந்தது. அவர் அளந்த பெரிய முக்கோணத்தில் ஒரு பக்கம் சுமார் 107 கிலோமீட்டர்.

பகலில் வெயில், இரவில் கிராமத்துச் சத்திரம், அதற்கும் பிறகு மெழுகுவத்தி வெளிச்சத்தில் கணக்கு. இந்த அளவைக்காக பத்து லட்சத்துக்கும் அதிகமான எண்களைக் கையாண்டதாக அவரே மதிப்பிட்டார் என்பார்கள். கால்குலேட்டர் கிடையாது, உதவிக்கு மடக்கை அட்டவணை மட்டும்தான்.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது?

ஒரு குன்றின் மேல் நின்று சுற்றியுள்ள நாலு இடங்களைப் பார்த்து, இரண்டிரண்டாகக் கோணம் அளக்கிறீர்கள். எல்லாம் ஒன்றோடு ஒன்று இடிக்கும். சரிசெய்ய சமன்பாடுகள் எழுத வேண்டும். நீக்கல் முறையில் போனால் பக்கம் பக்கமாகக் கணக்கு. மூன்றாம் வரியில் ஒரு கூட்டல் தப்பினால் கடைசி விடை வரைக்கும் குப்பை.

மார்பர்க்கில் இருந்த பழைய மாணவர் கெர்லிங்குக்கு காஸ் வேறு வழி சொன்னார். முதலில் தோராயமாக ஒரு விடையை வைத்துக்கொள். எந்தச் சமன்பாட்டில் மிச்சம் அதிகமாக இருக்கிறதோ, அதற்குரிய எண்ணை மட்டும் திருத்து. மற்றவற்றின் மிச்சங்கள் கொஞ்சம் மாறும். மறுபடி எது பெரிசு என்று பார், அதைத் திருத்து. திருத்த ஒன்றும் இல்லை என்கிற வரை இதையே செய். அரைத் தூக்கத்தில்கூடச் செய்யலாம், செய்துகொண்டே வேறு எதையாவது யோசிக்கலாம் என்கிற அர்த்தத்தில் முடித்தார்.

அதில் ஒரு சரிபார்ப்பும் வைத்திருந்தார். அவர் எழுதிய அமைப்பில் மிச்சங்களை எல்லாம் கூட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ கை தப்பியிருக்கிறது. கடையில் கல்லாவையும் பில்லையும் ராத்திரி ஒத்துப் பார்ப்பது போலத்தான்.

நீங்களே செய்து பார்க்கலாம்

போனில் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். ஓசூர் மார்க்கெட்டில் இரண்டு பில். முதல் பில்லில் 10 கிலோ தக்காளி, 2 கிலோ பீன்ஸ், மொத்தம் 280 ரூபாய். இரண்டாவதில் 1 கிலோ தக்காளி, 5 கிலோ பீன்ஸ், மொத்தம் 220 ரூபாய். கிலோ என்ன விலை? (விலை நாம் வைத்துக்கொண்டதுதான், மார்க்கெட் நிலவரம் இல்லை.)

பீன்ஸ் இலவசம் என்று அடித்துவிடுவோம். அப்படியானால் முதல் பில்படி தக்காளி 28 ரூபாய். இதை இரண்டாவது பில்லில் போட்டால், 220-ல் 28 போக 192, அதை 5-ஆல் வகுத்தால் பீன்ஸ் 38.40. மறுபடி முதல் பில்: 280-ல் 76.80 போக 203.20, தக்காளி 20.32. மறுபடி இரண்டாவது: பீன்ஸ் 39.94. இன்னொரு சுற்று: தக்காளி 20.01, பீன்ஸ் 40.00.

சரியான விடை 20, 40. பீன்ஸ் இலவசம் என்று அபத்தமாக ஆரம்பித்தும் மூன்றே சுற்றில் வந்துவிட்டோம். நடுவில் ஏதாவது தப்பாகத் தட்டியிருந்தாலும் பரவாயில்லை. தப்பான எண் இன்னொரு தொடக்க ஊகம், அவ்வளவுதான். ஒன்றிரண்டு சுற்று கூடுதலாக ஆகும், விடை மாறாது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் களைப்போடு கணக்குப் போட்ட மனிதருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இப்போது வேண்டுமென்றே மாற்றிச் செய்யுங்கள். இரண்டாவது பில்லில் இருந்து தக்காளி விலை, முதல் பில்லில் இருந்து பீன்ஸ் விலை. பீன்ஸ் பூஜ்ஜியம் என்றால் தக்காளி 220 ரூபாய். அதை முதல் பில்லில் போட்டால் பீன்ஸ் மைனஸ் 960. அடுத்தது தக்காளி 5020 ரூபாய்! அதே இரண்டு பில், அதே விடைதான் இருக்கிறது, ஆனால் கணக்கு ஓடிவிட்டது. ஜூஜுவாடி இளைஞரின் திரையில் கோடு மேலே ஏறுவது இந்த மாதிரிதான்.

காரணம் சுலபம். முதல் பில்லில் தக்காளிக்குத்தான் எடை அதிகம், எனவே தக்காளி விலையைச் சொல்ல அந்த பில்லுக்குத்தான் தகுதி. எடை குறைவான பொருளின் விலையை அதனிடம் கேட்டால், மற்றதில் உள்ள பிழையை அது ஊதிப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுக்கும். கல்லூரியில் மூலைவிட்ட ஆதிக்கம் என்று ஒரு நிபந்தனை சொல்வார்களே, அது இதுதான். காஸின் கோண அளவைச் சமன்பாடுகள், மீச்சிறு வர்க்க முறையில் பிறந்ததால், இயல்பாகவே நல்ல குணம் கொண்டவை. அதனால் அவர் கணக்கு ஓடவில்லை.

வண்டி பாகத்துக்கு இது எதற்கு?

ஒரு இரும்பு பாகத்தை லட்சக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகரும் என்பது ஒரு தெரியாத எண். 10 லட்சம் எண்கள் என்றால் முழு அட்டவணையில் 1 லட்சம் கோடி கட்டங்கள். நல்லவேளை, ஒரு புள்ளி தன் பக்கத்துப் புள்ளிகளோடு மட்டும்தான் பேசும். ஒரு வரிசையில் சில டஜன் எண்களைத் தவிர மீதி எல்லாம் பூஜ்ஜியம்.

நேரடியாக நீக்கினால் 1000 சமன்பாடுகளுக்கே சுமார் 33 கோடி பெருக்கல் ஆகும். சமன்பாடு இரண்டு மடங்கானால் வேலை எட்டு மடங்கு. அதோடு, நீக்க நீக்க அந்தப் பூஜ்ஜியங்கள் நிரம்பி மெமரியை விழுங்கும். இதைத் தவிர்க்கும் சாமர்த்தியமான நீக்கல் முறைகளும் மென்பொருள்களில் இருக்கின்றன, சின்ன மாடலுக்கு அவையே போதும். மாடல் பெரிதாகும்போதும், காற்றோட்டம், வெப்பம் மாதிரியான கணக்குகளிலும், ஊகித்துத் திருத்தும் முறைதான் கைகொடுக்கிறது. பூஜ்ஜியத்தை அது தொடுவதே இல்லை.

காஸ் எழுதிய வடிவத்திலேயே இன்று யாரும் செய்வதில்லை. 1845-ல் ஜக்கோபி, 1874-ல் சீடல், 1952-ல் ஹெஸ்டனஸ், ஸ்டீஃபெல் என்று பலர் கைவைத்து வேகப்படுத்தியது இன்று ஓடுகிறது. காஸ்-சீடல் என்று நாம் படிக்கிற முறையில் சமன்பாடுகளை வரிசையாகச் சுற்றி வருவோம். காஸ் அப்படிச் செய்யவில்லை, பெரிய மிச்சத்தைத் தேடித்தான் போனார். அந்தப் பெயர்ப் பொருத்தம் கொஞ்சம் அப்படி இப்படித்தான்.

இன்னொரு விஷயம். அணிகளுக்கு மேட்ரிக்ஸ் என்ற பெயரை சில்வெஸ்டர் வைத்தது 1850-ல்தான். கடிதம் எழுதியபோது காஸிடம் அந்தச் சொல்லே கிடையாது. அதே சில்வெஸ்டர் 1884-ல், தெரியாத எண்ணுக்குப் பதிலாக ஒரு முழு அணியையே தெரியாததாக வைக்கும் சமன்பாட்டை ஆராய்ந்தார். தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் கணக்கில் இன்று அது அடிக்கடி வருகிறது. அங்கேயும் அளவு பெரிதானால் ஊகி, மிச்சம் பார், திருத்து என்பதுதான் வழி.

கடைசிக் காலம்

நில அளவையில் இத்தனை வருஷத்தை வீணடித்தாரே என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூமியின் வளைந்த மேற்பரப்போடு மல்லுக்கட்டியதில் இருந்துதான் 1827-ல் வளைபரப்புகள் பற்றிய அவரது நூல் வந்தது. அவர் மாணவர் ரீமான் வழியாக அது ஐன்ஸ்டைன் வரை போய்ச் சேர்ந்தது. 1833-ல் நண்பர் வெபரோடு சேர்ந்து கோட்டிங்கனில் தந்திக் கம்பியும் இழுத்தார்.

வீட்டில் மட்டும் அந்தப் பொறுமை இல்லை. மகன் ஆய்கனோடு சண்டை முற்றி, அவர் 1830-ல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். இன்னொரு மகன் வில்ஹெல்மும் பிறகு அங்கேயே போனார். மிச்சம் இருந்தவர்களில் மூத்தவர் யோசஃப் அப்பாவோடு அளவை வேலையில் இருந்தார், கடைசி மகள் தெரேஸ் வீட்டைப் பார்த்துக்கொண்டார். பிறந்த தேதி தெரியாமல் பெற்ற அம்மா டொரோத்தியா, 1817 முதல் மகனோடு நோக்ககத்து வீட்டிலேயே இருந்தார். கடைசி வருஷங்களில் பார்வை போய், 1839-ல், 95 வயதைக் கடந்து இறந்தார்.

காஸ் 1855 பிப்ரவரி 23 அதிகாலை தூக்கத்திலேயே உயிர் விட்டார். 1991-ல் வந்த ஜெர்மனியின் 10 மார்க் நோட்டில் முன்பக்கம் அவர் முகம், பின்பக்கம் ஒரு கருவியும் ஹனோவரில் அவர் அளந்த முக்கோணங்களும் இருந்தன. யூரோ வந்ததும் அந்த நோட்டு போய்விட்டது.

ஆராய்ச்சிக்காக அவர் மூளையை கோட்டிங்கனில் ஜாடியில் எடுத்து வைத்திருந்தார்கள். 150 வருஷத்துக்கும் மேல் அறிஞர்கள் அதைப் பார்த்து வியந்தார்கள், ஸ்கேன்கூட எடுத்தார்கள். 2013-ல் பழைய படங்களோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, அது காஸின் மூளையே இல்லை. அதே 1855-ல் இறந்த ஃபுக்ஸ் என்ற மருத்துவப் பேராசிரியருடையது. ரொம்ப நாள் முன்பே யாரோ இரண்டு ஜாடிகளையும் மாற்றி வைத்துவிட்டிருந்தார்கள்.